இரண்டு பேருக்கு ஒரு மேசை

(வெள்ளவத்தையில் நடைபெற்ற மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் இருக்கும் பலருடைய மடியில் கந்தோர்ப் பை இன்னும் இருக்கிறது. கோட்டையிலிருந்தும் புறக்கோட்டையிலிருந்தும் காலி வீதி நெரிசலில், 100 ஆம் இலக்க பஸ்ஸிலோ 101 ஆம் இலக்க பஸ்ஸிலோ நின்றபடியே வந்திருப்பீர்கள். பலர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம், வேலைநாளின் இரவில் ஒரு சிநேகிதரோடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே கதைப்பது. இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். கொழும்புத் தமிழரின் வரலாற்றை எழுதியவர்கள் கோயில்களை எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களை, சங்கங்களை, பத்திரிகைகளை, கலவரங்களை எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை மேசைக்கு அந்த ஏடுகளில் இடம் கிடைக்கவில்லை. இந்த நகரத்தில் எங்களை ஒருவரோடொருவர் சேர்த்து வைத்திருந்ததில் அந்த மேசைக்கும் கோயிலுக்குச் சமமான பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அதை நாங்கள் கண்முன்னே இழந்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் பேச வந்தேன்.

வெள்ளவத்தைக்காரர் என்று எங்களைச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இந்த மண்டபத்தில் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், இரண்டு தலைமுறைக்கு அப்பால் ஆளுக்கொரு ஊர் வரும். கோண்டாவில், கரவெட்டி, காரைநகர், கல்முனை. கொட்டாஞ்சேனையில் கேட்டால் அட்டன், பதுளை, தூத்துக்குடி என்றும் வரும். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் எங்கோ இருக்க, உத்தியோகத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் வந்து தங்கியவர்கள் நாங்கள். வேலை முடிந்து திரும்பும்போது கதவைத் திறந்துவிட வீட்டில் ஆளில்லாதவர்களாகத்தான் இந்த நகரத்தில் எங்கள் வாழ்க்கை தொடங்கியது.

பிரிட்டிஷ் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் அரசாங்க லிகிதர் சேவைப் பரீட்சையில் தேறி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளைஞர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். சமைக்க ஒருவரை வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சமறி என்று பெயர். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் இப்படிப் பல சமறிகள் இருந்தன. என் தகப்பனார் அப்படியொரு சமறியில் இருந்தவர். சம்பளத்தில் ஒரு பங்கு மாதா மாதம் மணியோடராக ஊருக்குப் போகும். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு, காசும் லீவும் இருந்தால் இடையிடையே ஊர் முகத்தைப் பார்த்து வரலாம். மற்ற இரவுகளில் அவர்களுக்கு இருந்தது சமறிச் சாப்பாட்டு மேசை. தங்கைக்குச் சீதனம் எவ்வளவு சேர்ந்தது, மேலதிகாரி பதவியுயர்வுக் கடிதத்தை ஏன் பிடித்து வைத்திருக்கிறார், ஊரில் தோட்டக் கிணறு வற்றிவிட்டதா என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். அதே 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சை எழுதி வேலையில் இருப்பதா, எழுத மாட்டேன் என்று ஊருக்குப் போவதா என்ற கேள்வி பாராளுமன்றத்தில் ஒரு மாதிரிப் பேசப்பட்டது. இடியப்பத்துக்கும் சொதிக்கும் முன்னால் வேறு மாதிரிப் பேசப்பட்டது. ஒருவருக்கு ஊரில் மூன்று தங்கைகள். இன்னொருவருக்குப் பொறுப்பு ஒன்றும் இல்லை. ஒரே கொள்கை உள்ள இருவர் வேறு வேறு முடிவு எடுத்தபோதும் ஒருவரையொருவர் வெறுக்காமல் இருந்ததற்கு, ஒவ்வொரு இரவும் ஒரே மேசையில் சாப்பிட்டதே காரணம் என்று தகப்பனார் சொல்வார். நான் அதை நம்புகிறேன்.

சமறி ஆண்களுக்கு உரியது. பெண்கள் உத்தியோகத்துக்கு வரத் தொடங்கியபோது உறவினர் வீட்டிலோ பெண்கள் விடுதியிலோதான் தங்கினார்கள். நான் 1980களின் இறுதியில் கோட்டையில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் தங்கிய விடுதியின் படலை பொழுதுபட்டதும் பூட்டப்பட்டுவிடும். வேலை ஐந்தரைக்கு முடிந்தால் பஸ் பிடித்து ஓடி வருவதற்குள் நேரம் சரி. ஒரு பெண் வேலை முடிந்து சிநேகிதியோடு கடையில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டாள் என்றால், அவளுக்கு வீடில்லையா என்று கேட்கும் காலம். இந்தக் கேள்வி இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பது இங்கே இருக்கும் இளம்பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் பிறப்போடு வந்ததுபோல அனுபவித்த ஒன்றை நாங்கள் சண்டைபிடித்து, பொய் சொல்லி, விடுதிப் பொறுப்பாளரிடம் மன்றாடித்தான் வாங்கினோம். அதனால்தானோ என்னவோ அதன் பெறுமதி எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

என் சிநேகிதி கொட்டாஞ்சேனைக்காரி. பேர் சொல்ல மாட்டேன், அவளுக்கு அது பிடிக்காது. ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் பெற்றோரோடு இருந்தாள். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதினாள். வங்கிக்குக் காசோலை கொண்டுவந்து கொண்டுவந்தே பழக்கமானவள். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரே நகரத்தின் இரண்டு முனைகள். இடையில் பத்துக் கிலோமீற்றர் அளவு தூரம். ஆடிவேல் விழாக் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து வேல் பம்பலப்பிட்டிக்கு வரும். அதைத் தவிர, வெள்ளவத்தையில் வளர்ந்த ஒரு பிள்ளை கொட்டாஞ்சேனைக்குப் போவதற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இருக்காது. போனாலும் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

அவளால்தான் நான் கொட்டாஞ்சேனையை இரவில் பார்த்தேன். துறைமுகத்தில் சுமை இறக்கி முடித்தவர்கள், செட்டியார் தெரு நகைக்கடைகளில் பூட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்கள், கிராண்ட்பாஸில் வீரகேசரி அலுவலகத்தில் பக்கம் முடித்துவிட்டு வருகிறவர்கள் என்று, அங்கே இராச்சாப்பாட்டு நேரம் வெள்ளவத்தையைவிடப் பிந்தித்தான் தொடங்கும். லூசியா பேராலயப் பக்கமிருந்து நடந்து வரும்போதே கொத்துரொட்டி போடும் சத்தம் கேட்கும். இரண்டு இரும்புத் தகட்டால் கல்லில் தட்டுகிற அந்தச் சத்தத்தின் தாளம் கடைக்குக் கடை வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்தக் கடை என்று அவள் சொல்லிவிடுவாள். பிற்காலத்தில் எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து மல்லிகை இதழை நடத்தியதும் கொட்டாஞ்சேனை அடங்கும் அதே கொழும்பு 13 இல், ஸ்ரீ கதிரேசன் வீதியில்தான். இலக்கியக்காரர்கள் அந்தப் பக்கத்துக் கடைகளில் பிளேன்ரீயோடு நெடுநேரம் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய பாட்டனார் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தவர். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது அப்படிப்பட்ட குடும்பங்களைத்தான். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதரைப் பங்கு பிரித்தன. அவளுடைய தகப்பனார் இங்கே. பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி அந்தப் பக்கம். நான் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து, வரலாற்றுப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள். இந்த எண்களைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கோழிக்கறியில் கையை வைத்தபடி, பெரியப்பாவின் கடைசிக் கடிதத்தைப் பற்றி அவள் சொன்ன இரவில்தான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். வடக்குத் தமிழரும் மலையகத் தமிழரும் ஒற்றுமைப்பட வேண்டும் என்று மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். நான் பார்த்த அளவில் அந்த ஒற்றுமை உண்டானது இப்படி இரண்டிரண்டு பேராகத்தான்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சைவக் கடையின் ஒழுங்கே சிநேகிதருக்கு வசதியானது. நீங்கள் போய் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டில் வடை வரும். எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்குத்தான் காசு. மீதித் தட்டு உள்ளே போய்விடும். இடியப்பமும் பிட்டும் தோசையும் ஒரேயடியாக வருவதில்லை. இரண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி, பிறகு இன்னும் இரண்டு. சம்பல் முடிந்தால் கையைக் காட்டினால் போதும். சாப்பாடு துண்டு துண்டாக வருவதால் கதையும் அவசரப்படாது. சொல்லக் கஷ்டமான விஷயத்தைத் தொடங்கப் பயமாக இருந்தால் இன்னொரு தோசைக்குச் சொல்லிவிட்டு யோசிக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு பிளேன்ரீ. கடைக்காரருக்கு அதில் பெரிய இலாபமில்லை. ஆனால் அந்த ஒரு கோப்பைக்காக இன்னும் கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் அந்தக் கதிரை உங்களுடையது. எழும்பச் சொல்ல மாட்டார்கள். பம்பலப்பிட்டி ஷ்ரபரி கார்டன்ஸில் கிரீன்லாண்ட்ஸ், இங்கே ராமகிருஷ்ணா வீதியில் சண்முகாஸ் என்று பெயரெடுத்த இடங்களும் உண்டு, பெயர்ப்பலகை மங்கிப்போன சின்னக் கடைகளும் உண்டு. எனக்குப் பெரும்பாலும் சின்னக் கடைகள்தான் வாய்த்தன.

இந்த மேசை எங்களிடமிருந்து பறிக்கப்பட்டதும் உண்டு. 1983 ஜூலை 25 ஆம் திகதி, தமிழருக்கு எதிரான கலவரத்தில் காலி வீதியில் தமிழ்க் கடைகள் எரிந்தன. நான் அப்போது பாடசாலை மாணவி. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது. பலர் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்து கடையை மறுபடி திறந்தவர்களின் துணிச்சலை நாங்கள் போதிய அளவு போற்றவில்லை. கரி பிடித்த சுவருக்கு வெள்ளை அடித்து, புதுக் கல் வாங்கி, முதல் நாள் பத்துத் தோசை போட்டவரும் இந்தச் சமூகத்தைக் கட்டி எழுப்பியவர்தான்.

பிறகு போர்க்காலம். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்களும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் மாதக்கணக்காகத் தங்கினார்கள். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, இரவுச் சுற்றிவளைப்பு. சாப்பிட உட்கார்ந்ததும் அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது பழக்கமாகியது. ஏழரைக்குப் பிறகு வீதியில் தமிழ் கதைக்கவே யோசித்தோம். மேசையில் குரல் தானாகத் தணிந்துவிடும். அந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அவர்களில் எத்தனை பேர் முதல் நாள் இரவு பக்கத்து அறைக்காரரோடு கடையில் சாப்பிட்டுவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிப் படுத்திருப்பார்கள்!

1996 ஜனவரி 31 ஆம் திகதியைப் பற்றி நான் மேடையில் பேசியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். அன்று காலை கோட்டையில் மத்திய வங்கிக்கு முன்னால் குண்டு வெடித்தது. 90க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், காலையில் என்னைப் போலவே பை தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தவர்கள். எங்கள் கட்டடத்தின் கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கின. தொலைபேசி இணைப்பு இல்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரியாமல் சிநேகிதி புறக்கோட்டையிலிருந்து நடந்து வந்து, வீதித்தடையில் மறிக்கப்பட்டு, பின்னேரம் வரைக்கும் அங்கேயே நின்றிருக்கிறாள். என்னைக் கண்டதும் அழவில்லை. கையைப் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றிரவு கடை எதுவும் திறக்கவில்லை. அவளுடைய அம்மா பாணும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்.

“மொதல்ல சாப்புடு. பேச்செல்லாம் பொறகு,” என்றாள் அவள்.

“எனக்கு இறங்காது.”

“எறங்கும். ஒரு வாய் வச்சிப் பாரு.”

இறங்கியது. பிறகு விடியும்வரை கதைத்தோம். அன்று நான் பார்த்தவற்றை இன்னொருவருக்குச் சொல்லாமல் அடுத்த நாள் வேலைக்குப் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் போனேன்.

சிநேகிதரோடு உண்டதை நினைவில் வைத்திருப்பது தமிழுக்குப் புதிதல்ல. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235 ஆம் பாட்டாக இருக்கிறது. அவன் எத்தனை போர் வென்றான் என்று அவர் தொடங்கவில்லை. தங்களுக்குள் பகிர்ந்த கள்ளையும் சோற்றையும்தான் முதலில் நினைக்கிறார். ஒரு பெரிய மன்னனுடைய இழப்பை ஒரு புலவர் அளந்தது சாப்பாட்டுப் பந்தியை வைத்து என்பது என்னை எப்போதும் நெகிழ வைக்கும்.

இன்று இதை ஆய்வாளர்களும் அளந்து பார்க்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபின் டன்பார், பிரித்தானியாவில் நடந்த ஒரு கணக்கெடுப்பை வைத்து 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மற்றவர்களோடு அடிக்கடி சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடும் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடும் இருக்கிறார்கள், கஷ்டத்தில் கைகொடுக்கக்கூடிய சிநேகிதர்களும் அவர்களுக்குக் கூடுதல் என்று அதில் கண்டார். பகல் சாப்பாட்டைவிட இரவுச் சாப்பாட்டில்தான் நெருக்கம் கூடுகிறது என்றும், அங்கே எழும் சிரிப்புக்கும் பழைய கதைக்கும் அதில் பங்கு உண்டு என்றும் சொல்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறது. அந்த ஆறில் ஒருவர் இந்த ஒழுங்கையிலும் இருக்கிறார்.

போர் முடிந்தது. மேசை திரும்பி வரும் என்று நினைத்தோம். கொஞ்சக் காலம் வந்தது. பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கொட்டாஞ்சேனை மக்களுக்குச் சமயம் கடந்த கோயில். என் சிநேகிதியின் தாயார் சைவம், செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே மெழுகுதிரி கொளுத்துவார். அன்று அங்கே குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு மறுபடி ஊரடங்கு. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு; அதே ஆண்டு ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பக்கம் தனிமைப்படுத்தப்பட்டு வீதிகள் மூடப்பட்டன. 2022 இல் காஸ் இல்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. விறகு அடுப்பு மூட்டித் தோசை சுட்ட கடைகள் உண்டு, மூடியே போன கடைகளும் உண்டு. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் கூடியிருந்தன. அன்றைக்குக் கூட்டாளியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு ஒரு இளைஞன் மாதச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்தான். கூப்பிடாமல் விட்டதற்கு வெட்கமே காரணம், அன்பில்லாமை காரணமல்ல. அந்த வெட்கம் விலை இறங்கிய பிறகும் பலரிடம் அப்படியே நின்றுவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட அமைதியாக வந்த மாற்றம் ஒன்று உண்டு. 2018ஐ அண்டி, தொலைபேசிச் செயலியில் சொன்னால் சாப்பாடு வாசலுக்கு வரும் சேவைகள் கொழும்பில் பரவத் தொடங்கின. ஊரடங்குக் காலத்தில் அவை பலரைக் காப்பாற்றின, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இன்று பல கடைகளில் மேசையைக் குறைத்துப் பார்சல் கட்டும் இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் ஒரு பிள்ளையும் ஐந்தாம் மாடியில் அவனுடைய பள்ளித் தோழனும் ஒரே கடைக் கொத்தை ஒரே நேரத்தில் தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கொருவர் தொலைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள்தான். ஆனால் முகம் வாடியிருப்பதைச் செய்தியில் பார்க்க முடியாது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவுகிறவனைப் பார்த்து “என்னடா மச்சான், என்ன நடந்தது?” என்று கேட்பதற்கு எதிரே ஒருவன் இருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். நாங்கள் ஆறுதலாக உட்கார்ந்து கதைக்கும் மேசையைத் துடைக்கிறவர் யார்? பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்த இளைஞர்கள். பதினெட்டு, இருபது வயது. கடைக்கு மேல்மாடியில் பாய் விரித்துப் படுப்பவர்கள். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. என் தகப்பனார் சமறியில் இருந்த காலத்துச் சட்டம் அது. காலை இடியப்பத்துக்கு நின்ற அதே பிள்ளை இரவு பத்து மணிக்கு எங்களுக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஒரு சிநேகிதர் தேவை என்றால் அவருக்கும் தேவை. அவர் எந்த மேசையில், எப்போது உட்காருவார்? அவருடைய நாளைத் தின்று எங்கள் இரவு நீளக் கூடாது.

கடை முதலாளிமார் சிலர் இங்கே இருக்கிறீர்கள், உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். பின்னேரத்துக்கு வேறு ஆட்களை வையுங்கள். அந்தச் செலவுக்காகத் தோசைக்கு விலை கொஞ்சம் கூடினால் நாங்கள் கொடுப்போம், கொடுக்க வேண்டும். மேசைகளை எடுக்காதீர்கள். இரண்டு பேர் இருக்கும் சின்ன மேசை நாலையாவது சுவரோரமாக விடுங்கள். தனியாக வரும் இரண்டு பெண்களைக் குடும்ப அறை என்று உள்ளே மூலைக்கு அனுப்பாமல் யன்னலோரம் உட்கார விடுங்கள்.

வேலை கொடுப்பவர்களிடமும் ஒன்று. ஏழு மணிக்குப் பிறகு தொலைபேசியில் வேலை சொல்லாதீர்கள். சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பி வெளியே போய்ப் பதில் சொல்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், எதிரே தனியே இருக்கிற மற்றப் பிள்ளையின் முகத்தைத்தான் நான் பார்க்கிறேன்.

மகள்மாரை உடைய பெற்றோரே, வேலை முடிந்து சிநேகிதியோடு சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று மகள் சொன்னால், யாரோடு, ஏன் என்று விசாரணை நடத்தாதீர்கள். ஓட்டோவுக்குக் காசிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவளுடைய வாழ்க்கையில் நீங்கள் இல்லாத ஒரு நாள் வரும். அன்றைக்கு அவளைத் தேடி நடந்து வந்து வீதித்தடையில் நிற்க ஒருத்தி வேண்டும்.

கடைசியாக, இந்த ஒழுங்கைகளின் தொடர்மாடிகளில் தனியே இருக்கும் முதியவர்களைப் பற்றி. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும். மாதக் காசு வருகிறது, மருந்து வருகிறது, சாப்பாடு பார்சலில் வருகிறது. அவர்களில் பலர் ஒரு காலத்தில் சமறியில் ஆறு பேரோடு சத்தம் போட்டுச் சாப்பிட்டவர்கள். அவர்களுடைய கூட்டாளிகளில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் வெளிநாட்டில். ஆனால் சிலர் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார்கள். படி இறங்கத் துணைக்கு ஆளில்லாததால் ஒருவரையொருவர் பார்த்து வருடங்களாகின்றன. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சொன்னபோது, “அவர் இன்னும் இருக்கிறாரோ?” என்று கேட்ட பெரியவரை நான் போன மாதம் சந்தித்தேன்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. என் சிநேகிதியும் நானும், அவள் இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள், நானும்தான், ஒரு கடைக்காரரோடு கதைத்திருக்கிறோம். வியாழக்கிழமை இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் தரைத்தளத்தில் மூன்று மேசை ஒதுக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசலில் படி இல்லை, கைபிடித்து வரலாம். முதியவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து, முடிந்ததும் கொண்டுபோய் விட இளைஞர்கள் தேவை. ஓட்டோச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெயர் எழுதும் கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. உங்கள் பெயரோடு, எந்த இரண்டு பேரைச் சந்திக்க வைக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து யாரையாவது கூட்டிவர வேண்டியிருந்தால் தனியாகக் குறியுங்கள். அந்தப் பக்கத்து ஆட்களை அவள் பார்த்துக்கொள்வாள்.